எவர்சில்வர் நம்பிக்கை

அபர்தீன் பஜாரை நோக்கி இறங்கும் சாலையில் பிரேக்கை மிதித்தபோது பெடல் மெத்தென்று கீழே போனது. எதிரே, முப்பதடி தூரத்தில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஓர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. மறுபடி மிதித்தேன். மூன்றாவது மிதியில் பாதி பிரேக் பிடித்தது. மீதியை ஹேண்ட் பிரேக் பார்த்துக்கொண்டது. ஆட்டோவுக்கு இரண்டு முழம் பின்னால் கார் நின்றது. பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி எனக்குக் கையசைத்தாள். நானும் கையசைத்தேன். வேறென்ன செய்வது?

வீட்டுக்கு வந்த பிறகுதான் கால் நடுங்கியது. அச்சத்தைவிடக் குழப்பம் அதிகம். நான்கு நாள் முன்புதான் ஒரு பட்டறையில் முன் சக்கரங்களுக்குப் புது பிரேக் பேட் போட்டிருந்தேன். தேய்ந்த பேடோடு ஓடியவரை பிரேக் பிடித்தது. புதுசு போட்டதும் போய்விட்டது. இது என்ன நியாயம்?

விடை சொன்னவர் எங்கள் தெருமுனைப் பட்டறைக்காரர். இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கத்திலிருந்து முப்பது வருடம் முன்பு கப்பல் ஏறியவர். எல்லோருக்கும் பாய். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட, எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேராகவே இருக்கிற இந்த ஊரில், அவர் பட்டறையில் தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி நான்கும் ஒரே வாக்கியத்தில் வரும். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைப் பிரித்து, உள்ளேயிருந்த பிஸ்டனை என் உள்ளங்கையில் வைத்தார். சின்ன டம்ளர் மாதிரி ஒரு பக்கம் மூடிய எஃகுக் குழல். ஒரு பாதி கண்ணாடி போலப் பளபளப்பு. மறு பாதியில் அம்மைத் தழும்புபோலப் பள்ளங்கள்.

"இது கடல் தின்ன இடம் சார்" என்றார்.

காலிப்பரின் வேலை எளியது. நாம் பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும். பேட், சுழலும் டிஸ்கைப் பிடிக்கும். பிஸ்டனைச் சுற்றி, காலிப்பரின் உள்சுவரில் வெட்டிய காடியில், ஒரு ரப்பர் சீல் உட்கார்ந்திருக்கிறது. ஆயில் வெளியே வராமல் காப்பது அதுதான். காலை எடுத்ததும் வளைந்த சீல் நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுப்பதும் அதுதான். வெளிப்பக்கம், தூசியும் தண்ணீரும் நுழையாதபடி இன்னொரு ரப்பர் உறை. டஸ்ட் பூட் என்பார்கள்.

பேட் தேயத் தேயப் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. வெளியே வந்த பகுதிக்குப் பாதுகாப்பு அந்த உறை மட்டுமே. உறையில் ஒரு கீறல் விழுந்தால் உப்புக்காற்று உள்ளே போய்விடும். அங்கே துரு பிடித்தாலும் உடனே ஆபத்தில்லை, ஏனென்றால் அந்த இடம் சீலுக்கு வெளியே இருக்கிறது. புது பேட் போடும் நாளில் கதை மாறுகிறது. தடித்த பேடுக்கு இடம் வேண்டும் என்று மெக்கானிக் பிஸ்டனை உள்ளே அழுத்துகிறார். துருப்பிடித்த பாதி அப்படியே சீலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகிறது. அதன் பிறகு ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சொட்டு. என் கார் நான்கு நாள் சொட்டியிருக்கிறது. புது பேட் போட்டவர் உறையை ஒரு முறை விரலால் விலக்கிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கச் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

"எமரி போட்டுத் தேய்த்தால் சரியாகாதா?" என்று கேட்டேன்.

"உப்பு தின்னதை உப்புத்தாள் சரி பண்ணுமா சார்? மேலே மினுங்கும். பள்ளம் பள்ளமாத்தான் இருக்கும்" என்றார். சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்த பிஸ்டனை மாற்றத்தான் வேண்டும். அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை. "எதுல போடட்டும்?"

பட்டறை மேசையில் பல வண்டிகளிலிருந்து கழற்றிய பழைய பிஸ்டன்களைப் பரப்பினார். நான்கு இனம். குரோமிய முலாம் பூசிய எஃகு, துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம், பேக்கலைட் போன்ற ஒரு பழுப்புப் பொருள். பார்த்ததும் எனக்கு எங்கள் சமையலறைதான் ஞாபகம் வந்தது. நான்கின் குணமும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பெயர்தான் வேறு.

முதலில் குரோமிய முலாம். பழைய சைக்கிளின் ஹேண்டில்பாரை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதில் முகம் பார்க்கலாம். கடலோர ஊரில் சில வருடத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். முலாமில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டு. உப்பு ஈரம் அதன் வழியே இறங்கி அடியிலுள்ள இரும்பைத் தின்னும். துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். எனவே முலாமைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஆனாலும் பெரும்பாலான கார்களில் கம்பெனியே போடுவது இதைத்தான். விலை குறைவு, பலம் அதிகம், சீல் உரச வழவழப்பு.

இரண்டாவது துருப்பிடிக்காத எஃகு, அதாவது நம் எவர்சில்வர். முலாம் கிடையாது, உரியும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் இது மந்தம். சாதாரண எஃகில் மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். எவர்சில்வர் சட்டியில் பால் அடிப்பிடிப்பதும், அதற்காகச் செம்பு அடி போட்ட பாத்திரம் வந்ததும் இதனால்தான். பிஸ்டனில் இந்த மந்தம் நல்லது. பேடின் சூடு ஆயிலுக்குப் போகும் வேகம் குறைகிறது. கெட்டது என்னவென்றால், சூட்டில் இது கூடுதலாகப் பெருக்கும். 50 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் 150 டிகிரி சூடேறினால் சாதாரண எஃகில் ஏறத்தாழ 0.09 மி.மீ. பெருக்கும். எவர்சில்வரில் 0.13. அதற்கேற்ற இடைவெளியோடு செய்யாவிட்டால் வார்ப்பிரும்புக் காலிப்பருக்குள் இறுகிக்கொள்ளும்.

மூன்றாவது அலுமினியம். எடை குறைவு. ஆனால் சூட்டைச் சாதாரண எஃகைவிட மூன்று மடங்கு வேகமாகக் கடத்தும். பெருக்கமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேலே கெட்டியான ஆக்சைடுப் பூச்சு கொடுத்துத்தான் பயன்படுத்துகிறார்கள். பூச்சில் கீறல் விழுந்தால், புளி ஊற்றிவைத்த அலுமினியச் சட்டிக்கு நேர்வது இதற்கும் நேரும்.

நான்காவது ஃபீனாலிக் பிசின். 1907-ல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த பேக்கலைட்டின் குடும்பம். குக்கர் கைப்பிடியின் உறவு. குக்கர் கொதிக்கும்போதும் கைப்பிடியைத் தொட முடிகிறதல்லவா? எஃகு கடத்துவதில் நூறில் ஒரு பங்கு வெப்பத்தைக்கூட இது கடத்தாது. 1970-களிலிருந்து அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்தது. எடை மிகக் குறைவு. துரு என்ற பேச்சே இல்லை. பிறகேன் எல்லோரும் இதையே போடவில்லை? ஈரத்தைக் கொஞ்சம் குடித்து உப்பிக்கொள்ளும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் விளிம்பு பெயரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிஸ்டனுக்குத்தான் துருப்பிடிக்காதே தவிர, அது உட்கார்ந்திருக்கும் இரும்புக் காலிப்பருக்குப் பிடிக்கும். காலிப்பரின் துரு பிஸ்டனை இறுக்கிவிடும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட அமெரிக்க ஊர்களில் இந்தத் தொல்லையை நிறையவே பார்த்திருக்கிறார்கள். அங்கே உப்பை லாரியில் கொண்டுவந்து தூவுகிறார்கள். இங்கே கடலே இலவசமாகத் தூவுகிறது.

நான் யோசிக்கவில்லை. "எவர்சில்வரிலேயே போடுங்கள் பாய். நம்ம லேத்தில் கடைந்துவிடலாமே. துருப்பிடிக்காதே!" என்றேன்.

அவர் சிரித்தார். "வீட்ல கல்லுப்பை எதுல வைக்கிறீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. உப்பை எவர்சில்வர் டப்பாவில் வைக்கக் கூடாது, ஜாடியிலோ மரவையிலோதான் வைக்க வேண்டும் என்று என் பாட்டி சொல்லிச் சொல்லியே காலம் தள்ளியவள். எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் அடியில் ஊசி குத்தியதுபோலப் புள்ளி விழும். எஃகின் மேலுள்ள குரோமிய ஆக்சைடுப் படலம்தான் அதற்குக் கவசம். உப்பிலுள்ள குளோரைடு அந்தக் கவசத்தில் துளை போடும் பொருள். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட 304 என்ற ரகத்துக்கே இந்தக் கதி. கடலுக்கென்று இருப்பது இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்த்த 316. லேத் கடையில் மூலையில் கிடக்கும் ராடு எந்த ரகம் என்று யார் சொல்வது?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் இன்னொரு குத்தலும் இருந்தது. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல்களுக்காக இந்த எஃகைச் செய்தபோது அவர் வைத்த பெயர் 'துருவற்ற எஃகு'. கத்தித் தொழிலில் இருந்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட் அதை வினிகரில் சோதித்துப் பார்த்துவிட்டு 'கறைபடாத' என்று மாற்றினார். ஆங்கிலத்தில் அதுவே நிலைத்தது. தமிழில் நாங்கள் அதைக் 'கறைபடாத எஃகு' என்று எழுதியிருக்கலாம். 'துருப்பிடிக்காத எஃகு' என்று எழுதி, ஆங்கிலம் கைவிட்ட வாக்குறுதியைத் திரும்பக் கொடுத்துவிட்டோம். பாத்திரக் கடைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் 'எவர்' என்றார்கள், என்றென்றும் வெள்ளி! அந்த நம்பிக்கையில்தான் நான் லேத்துக்கு ஓடப் பார்த்தேன்.

லேத் பிஸ்டனில் ரகம் மட்டும் பிரச்னையில்லை. விட்டத்தில் ஒரு மி.மீ.யின் நூறில் சில பங்கு தவறினாலும், கூடினால் இறுகும், குறைந்தால் சீலுக்குப் பளு. மேற்பரப்பில் கடைசலின் கோடு தெரிந்தால் அதுவே சீலுக்கு அரம். கம்பெனிப் பிஸ்டன் உள்ளே குடைந்த குவளை. கடைசலில் சோம்பல்பட்டுக் கெட்டியாக விட்டால் சூடு ஆயிலுக்குப் போகும் பாதை அகலமாகும். பூட் உட்காரும் காடி ஒழுங்காக அமையாவிட்டால் உறை நழுவி, மறுபடி கடல் உள்ளே வரும்.

சரி, எதைத்தான் போடுவது? பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் ஊரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அன்று நான் கற்றது.

70 கொண்டை ஊசி வளைவுகளில் கொல்லிமலை இறங்கும் வண்டிக்கும், 36 வளைவுகளில் ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியே இறங்கும் வண்டிக்கும் முதல் எதிரி சூடு. பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால் ஆவி அழுந்திக்கொடுக்கும். அழுத்தம் பிஸ்டனுக்குப் போகாது. இங்கே மலை குறைவு. அந்தமானின் மிக உயரமான சேடில் பீக்கே 732 மீட்டர்தான். அதன் மேல் கார் ஏறுவதில்லை. அந்தமான் டிரங்க் சாலையில் ஜிர்காடாங்கிலிருந்து ஜாரவா காப்பகம் வழியே செல்லும் வண்டிகள் வரிசையாக, 40 கி.மீ. வேகத்துக்குள்தான் போக வேண்டும். எங்கள் பிரேக்குகள் சிவக்கச் சூடேறும் சந்தர்ப்பம் அபூர்வம்.

ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை, இரண்டு பருவக்காற்றும் தொடும் ஊர், கோடையிலும் காயாத காற்று. காற்றின் அரிக்கும் தன்மையைச் சர்வதேசத் தர அமைப்பு படிப்படியாகப் பிரித்திருக்கிறது. ஈரமில்லாத உள்நாட்டுக் கிராமத்துக் காற்றில் வெறும் எஃகுத் தகடு முதல் ஆண்டில் 25 மைக்ரானுக்குள்தான் இழக்கும். உப்பு மிகுந்த கடலோரத்துக்குரிய மேல்படியில் 80 முதல் 200 மைக்ரான் வரை. பிஸ்டன் மேலுள்ள குரோமியப் படலம் அதைவிட மெல்லியது. காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், கடலோர அரிமானத்தை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. "எங்க ஊர்ல தகடைக் காத்துல நிறுத்தி வச்சு, எத்தனை நாள்ல கரையுதுன்னு பார்ப்பாங்க சார். இங்கே நாம வண்டியை நிறுத்தி வச்சுப் பார்க்கிறோம்" என்றார் பாய்.

எங்கள் தீவில் முதல் எதிரி துரு, சூடு இரண்டாவது. எனவே என் வரிசை இது. அந்தக் காலிப்பருக்கென்றே அளவெடுத்துத் தொழிற்சாலையில் செய்த, ரகம் குறிப்பிட்ட துருப்பிடிக்காத எஃகுப் பிஸ்டன் கிடைத்தால் அது முதலிடம். கிடைக்காவிட்டால் கம்பெனியின் புதுக் குரோமியப் பிஸ்டன். பழையதற்கு மறுமுலாம் பூசியது வேண்டாம். ஃபீனாலிக் பிஸ்டனை, வண்டி அதோடு வந்திருந்தால் மட்டும் போடலாம், அதுவும் காலிப்பரின் உள்சுவர் சுத்தமாக இருந்தால். அலுமினியத்துக்கும் அதே விதி. லேத் ராடு ஒருபோதும் வேண்டாம். எதைப் போட்டாலும் சீலும் பூட்டும் கண்டிப்பாகப் புதுசு. பிஸ்டன் வாங்கக் காசு இருந்து, ரப்பர் கிட்டில் மிச்சம் பிடிப்பவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு.

பிஸ்டனை வெளியிலிருந்து கடல் தின்றால், உள்ளேயிருந்து தின்பது ஆயில். டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இனம். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 140 இருந்தால் போதும் என்கிறது விதி. டாட் 4-க்கு 230, 155. கொதிநிலை இறங்குவதோடு, அந்தத் தண்ணீர் பிஸ்டனின் உட்பக்கத்தையும் காலிப்பர் சுவரையும் துருவாக்கும். சிலிகான் ஆயிலான டாட் 5 ஈரத்தை உறிஞ்சாதே, தீவுக்கு அதுதான் சரி என்று சிலர் சொல்வார்கள். உறிஞ்சாத தண்ணீர் எங்கே போகும்? இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் தேங்கும். அந்த இடம் பெரும்பாலும் காலிப்பர். மற்ற ஆயிலோடு அதைக் கலக்கவும் கூடாது. போன வருடம் திறந்த டாட் 4 டப்பாவைப் பாய் பிஸ்டனில் தொடவிடமாட்டார். சின்ன டப்பா வாங்கு, மிஞ்சினால் கொட்டு என்பது அவர் கட்சி.

ஆயிலை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை எனக்கு முன்பே தெரியும். பல வருடங்களுக்கு முன்பு ஒரு கார்ப் பராமரிப்புக் கையேட்டைத் தமிழில் பெயர்த்தவன் நான். "இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கடுமையான சூழ்நிலைகளில் இன்னும் அடிக்கடி" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பிழையில்லாத மொழிபெயர்ப்புதான். ஆனால் 'கடுமையான சூழ்நிலை' என்று எழுதியபோது என் மனதில் இருந்தது பாலைவனமும் பனிமலையும். ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. அந்தச் சொற்கள் என்னைத்தான் சொல்கின்றன என்று அன்று தோன்றவில்லை. இனி எங்கள் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை.

என் காருக்குத் தொழிற்சாலையில் செய்த எவர்சில்வர்ப் பிஸ்டன் கிடைக்கவில்லை. கம்பெனிக் குரோமியப் பிஸ்டன்தான், அதுவும் சென்னையிலிருந்து வர வேண்டும். ஏறத்தாழ 1,200 கி.மீ., கப்பலில் மூன்று நாள். பார்சல் துறைமுகத்தில் காத்துக் கிடந்த நாட்களையும் சேர்த்தால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. தீவில் பழுது பார்ப்பதன் உண்மையான சோதனை இந்தக் காத்திருப்புதான். கார் இல்லாமல் முடியாது என்கிற அவசரத்தில்தான் எமரித் தாளுக்கும் லேத்துக்கும் கை போகிறது. வண்டியை ஓட்டிப் பிழைப்பவரிடம் இரண்டு வாரம் நிறுத்து என்று சொல்வது சுலபமில்லை. உள்ளூர்க் கடைகள், இங்கே அதிகமாக ஓடும் நாலைந்து வகை வண்டிகளுக்காவது பிஸ்டனும் ரப்பர் கிட்டும் முன்கூட்டியே வரவழைத்து வைத்தால் பல ஆபத்துகள் தவிரும். தலைவலி மாத்திரை தீர்ந்த பிறகு கப்பலுக்கு எழுதிப்போடும் மருந்துக் கடை உண்டா?

நான் பஸ்ஸில் போய்வந்தேன். பார்சல் வந்த அன்று பாய் புதுப் பிஸ்டனைப் புது ஆயிலில் நனைத்து, விரலால் அழுத்தி உள்ளே விட்டார். தட்டவில்லை, நெம்பவில்லை. விரல் அழுத்தத்துக்கே வழுக்கிக்கொண்டு போனது. "கையால போகணும் சார். சுத்தி கேட்டா எங்கேயோ தப்பு" என்றார். காலிப்பர் நகரும் பின்களுக்கு கிரீஸ் வைத்து, காற்றெடுத்து, நான்கு சக்கரத்தையும் மாட்டினார். பேட் மாற்றும்போது முதலில் பூட்டை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் காலை அதே இறக்கம், ஏறக்குறைய அதே நேரம். மணிக்கூண்டு தெரியும் இடத்தில், தேவையே இல்லாமல், ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். பெடல் பாதியிலேயே கெட்டியாக நின்றது. பின்னால் வந்த ஜீப்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார். அவர் திட்டியது நியாயம்தான்.